“நாளை முதல் வராதே!” என்றால் வேலை போய்விடுமா?

வாய்ச்சொல்லில் வேலையைப் பறிக்க முடியாது. 240 நாள் கணக்கு காப்பாற்றும்

“நாளையிலிருந்து நீ வேலைக்கு வராதேம்மா!”

நான்கே வார்த்தைகள். ஆலை வாசலில் நின்று போர்மேன் இதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். “ஏன் அண்ணாச்சி? நான் என்ன தப்பு செய்தேன்?” என்று கேட்டால் பதில் இல்லை. கடிதம் இல்லை. கணக்கு இல்லை. மறுநாள் காலையில் ஆலை வேன் வருகிறது. ஆனால் அந்த வீட்டு வாசலில் நிற்காமல் போய்விடுகிறது.

அந்த வீட்டில் அன்று முதல் அடுப்பு எரிவதே பெரும்பாடு. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு நிற்கிறது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்பதில்லை.

மதுரையில் இருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் இருக்கிறது காரியாபட்டி. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைமை ஊர். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் வயலில் வேலை கிடையாது. நூல் ஆலை, பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம், கடை என்று வெளியே போய்த்தான் பிழைக்க வேண்டும்.

இப்படி வேலைக்குப் போகிறவர்களில் பலருடைய கையில் நியமனக் கடிதம் இருப்பதில்லை. ஆகவே, ‘போ’ என்று சொன்னால் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அது உண்மையா?

இல்லை! சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு காலத்தில்...

வெள்ளைக்காரர் ஆட்சியில் நிலைமை வேறு. 1859-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்காக முதலில் போட்ட சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி சொன்ன வேலையைச் செய்யாமல் போனால் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தலாம். அவர் உத்தரவுக்கும் பணியாவிட்டால் 3 மாதம் வரை ஜெயில்!

வேலையை விட்டுப் போன தொழிலாளிக்கு ஜெயில். வேலையை விட்டுத் துரத்திய முதலாளிக்கோ எதுவும் இல்லை! அந்தச் சட்டம் ஒழிந்தது 1920-களின் நடுவில்தான்.

தொழிலாளர்கள் ஒன்று சேரத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. 1918-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27-ந் தேதி சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது. அதன் தலைவர் பி.பி.வாடியா மீது ஆலை நிர்வாகம் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. சங்கம் வைப்பதே குற்றம் போல் ஆகிவிட்டது. பிறகு, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்து சங்கங்களுக்குப் பாதுகாப்பு அளித்தது.

நாடு விடுதலை அடைந்த அதே 1947-ம் ஆண்டில் தொழில் தகராறு சட்டமும் வந்தது. அதிலும் ஒரு குறை இருந்தது. ஒரு தனித் தொழிலாளி நீக்கப்பட்டால், சங்கமோ மற்ற தொழிலாளர்களோ சேர்ந்து அவருக்காக வழக்கை எடுக்க வேண்டும். தனி ஆளாக நின்றால் வழக்கு இல்லை!

1965-ம் ஆண்டில் இந்தக் குறை நீங்கியது. சங்கம் இல்லாவிட்டாலும், நீக்கப்பட்ட ஒருவர் தனியாகவே நியாயம் கேட்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது.

இப்போது அந்த 1947-ம் ஆண்டு சட்டம் இல்லை. அதற்குப் பதிலாக ‘தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம்’ 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தனித் தொழிலாளியின் உரிமையும், அடுத்து வரும் 240 நாள் கணக்கும் புதிய சட்டத்திலும் இருக்கின்றன.

9 நாள் வேலைக்காரர்!

அது என்ன 240 நாள் கணக்கு? தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கைப் பார்த்தால் விளங்கும்.

ஸ்டேட் பாங்கியில் ஒருவர் தற்காலிகக் காஷியராக வேலை பார்த்தார். தொடர்ந்தாற்போல் வேலை கிடையாது. சில நாட்கள் வேலை. பிறகு இடைவெளி. மறுபடி சில நாட்கள். கடைசியாக 1972-ம் ஆண்டில் கொடுத்த உத்தரவில் 9 நாட்களுக்கு மட்டும் வேலை என்று எழுதியிருந்தது. ‘நவம்பர் 18-ந் தேதியோடு வேலை தானாக முடிந்துவிடும்’ என்றும் இருந்தது.

18-ந் தேதி வந்தது. வேலையும் போயிற்று.

அவர் சும்மா இருக்கவில்லை. சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1976-ம் ஆண்டு ஜனவரி மாதம் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதியவர், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர்.

அவர் வேலை செய்த நாட்களை எல்லாம் கூட்டினால் என்ன வருகிறது? இடைவெளிகள் இருந்தாலும், ஓர் ஆண்டுக்குச் சட்டம் கேட்கும் கணக்கு நிறைந்திருந்தது. ஆகவே, ஓர் ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவராகவே அவரைக் கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்காமல் அனுப்பியது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பதவி மூப்பு மட்டும் கிடைக்கவில்லை.

எதிரே நின்றது நாட்டின் மிகப்பெரிய பாங்கி. இந்தப் பக்கம் நின்றவர் 9 நாள் காஷியர். அவரை வெல்ல வைத்தது, அவர் வேலை பார்த்த நாட்களின் கூட்டல் கணக்கு!

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1984-ம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. ‘இத்தனை மாதம்தான் வேலை’ என்று எழுதி ஒப்பந்தம் போட்டு, அந்தக் காலம் முடிந்து வேலை நின்றால் அது ஆட்குறைப்பு ஆகாது. புதிய சட்டத்திலும் அப்படித்தான். ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அந்தத் தாளில் தேதி ஏதும் குறித்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எப்படி எண்ணுவது?

நீக்கிய நாளில் இருந்து பின்னோக்கி 12 மாதங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் 240 நாட்கள் வேலை பார்த்திருந்தால் போதும். ஓர் ஆண்டு தொடர் வேலை என்று சட்டம் ஏற்றுக்கொள்ளும்.

ஆலைக்குப் போன நாட்கள் மட்டும்தான் கணக்கா? இல்லை. சம்பளத்துடன் கூடிய ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறை நாட்களும் சேரும் என்று 1985-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்திருக்கிறது. வேலையில் விபத்து ஏற்பட்டுப் படுத்திருந்த நாட்களும் சேரும். பேறுகால விடுமுறையும் 26 வாரம் வரை சேரும்.

“நான் மாதச் சம்பளக்காரி இல்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறேன். எனக்கு இது பொருந்துமா?” என்று கேட்கலாம். பட்டாசு, தீப்பெட்டி வேலையில் எண்ணிக்கைக் கூலி சகஜம்.

பொருந்தும்! ஆந்திராவில் ஒரு தையல் கடையின் வழக்கு இதைத் தெளிவாக்கியது. அங்கே தையல்காரர்களுக்குத் துணிக்கு இவ்வளவு என்று கூலி. ‘இவர்கள் எங்கள் வேலைக்காரர்களே அல்ல’ என்றது கடை. 1973-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. தையல் மிஷின் கடையினுடையது. தைத்தது சரியில்லை என்றால் திருப்பிக் கொடுப்பதும் கடை. ஆகவே, பீஸ் ரேட்டில் கூலி வாங்கினாலும் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பு வந்தது.

பதிவேடு முதலாளியிடம்!

“240 நாள் வேலை பார்த்தேன் என்று எப்படி நிரூபிப்பது? பதிவேடு கணக்குப்பிள்ளையிடம் அல்லவா இருக்கிறது?”

நியாயமான கேள்வி. வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வேலை பார்த்தேன் என்று முதலில் சொல்ல வேண்டியவர் தொழிலாளியே. அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே.

ஆனால், ஏழைத் தொழிலாளியின் கஷ்டமும் கோர்ட்டுக்குத் தெரியும். கர்நாடகத்தில் ஓர் அரசாங்க என்ஜினீயர் ஆபீசில் ஒருவர் தினக்கூலியாக வேலை பார்த்தார். 1988-ல் சேர்ந்தார். 1994-ல் நிறுத்தப்பட்டார். நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டும் இல்லை. ஆனால், இன்ன தேதியில் இருந்து இன்ன தேதி வரை வேலை பார்த்தார் என்று அதிகாரி ஒருவர் முன்பு கொடுத்த ஒரு சான்றுத்தாள் அவரிடம் இருந்தது.

2005-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டில் அவர் வென்றார். தினக்கூலிகளிடம் நியமனக் கடிதம் இருக்காது என்பதை கோர்ட்டு ஒப்புக்கொண்டது. தொழிலாளி கூண்டில் ஏறி சாட்சி சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரும்படி முதலாளிக்கு உத்தரவிடக் கேட்க வேண்டும் என்று வழியும் காட்டியது. கேட்டும் பதிவேட்டைக் கொண்டுவராவிட்டால், அதை முதலாளிக்கு எதிராகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு காகிதம், அவருடைய 6 ஆண்டு உழைப்புக்குச் சாட்சி சொன்னது!

“அவனே வரவில்லை!”

சில இடங்களில் வேறு விதமாக நடக்கும். வாசலிலேயே தடுத்து நிறுத்துவார்கள். பத்து நாள் கழித்து, ‘அவன்தான் வேலைக்கு வரவில்லை, தானாக நின்றுவிட்டான்’ என்று எழுதிவிடுவார்கள்.

அரியானாவில் ஒரு தொழிற்சாலையில் இப்படி ஒரு தகராறு எழுந்தது. 8 நாட்களுக்கு மேல் வராததால், ஆலை விதிப்படி வேலை தானாகப் போய்விட்டது என்றது நிர்வாகம். ‘என்னை கேட்டுக்குள் விடவே இல்லை’ என்றார் தொழிலாளி. 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு தொழிலாளி பக்கம் தீர்ப்பு சொன்னது. விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் ஒருவருடைய பிழைப்பைப் பறிக்கக் கூடாது என்றது. வேலையும், விட்டுப்போன சம்பளத்தில் பாதியும் கிடைத்தன.

அப்படியானால் முதலாளி யாரையுமே நீக்க முடியாதா? முடியும். திருட்டு, அடிதடி போன்ற குற்றம் செய்தவரை நீக்கலாம். பட்டாசு ஆலையில் பாதுகாப்பு விதியை மீறுவது பல உயிருக்கு ஆபத்து. அதற்கும் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். பதில் கேட்க வேண்டும். விசாரணை நடத்த வேண்டும். குற்றத்துக்குத் தண்டனை அதிகம் என்று தோன்றினால், அதைக் குறைக்க நியாயம் விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்காவில் மாண்டானா என்ற ஒரு மாநிலம் தவிர மற்ற மாநிலங்களில், காரணம் சொல்லாமலே ஒருவரை நீக்கலாம் என்பதே பொது விதி. இனம், மதம் போன்ற தடுக்கப்பட்ட காரணங்களுக்காக மட்டும் நீக்கக் கூடாது. அந்த வகையில் இந்தியத் தொழிலாளிக்குச் சட்டம் தந்திருக்கும் கவசம் கெட்டியானது.

எவ்வளவு பணம் வரும்?

குற்றம் எதுவும் இல்லை, ஆலையில் வேலை குறைந்துவிட்டது, ஆளைக் குறைக்கிறார்கள். அப்போது, ஓர் ஆண்டு வேலை பார்த்தவருக்கு என்ன கொடுக்க வேண்டும்?

ஒரு மாதத்துக்கு முன்பே, காரணம் காட்டி எழுத்தில் நோட்டீசு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். அத்துடன், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு.

ஒரு கணக்கு: நாள் கூலி ரூ.500. வேலை பார்த்தது 6 ஆண்டு. ஓர் ஆண்டுக்கு 15 நாள் கூலி ரூ.7,500. ஆறு ஆண்டுக்கு ரூ.45,000. நோட்டீசுக்குப் பதிலான ஒரு மாதச் சம்பளம் தனி.

5 ஆண்டு முடித்தவர் என்பதால் பணிக்கொடையும் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாள் கூலி. ஆக, இன்னொரு ரூ.45,000. ஆண்டு முழுவதும் நடக்காத பருவகால ஆலையாக இருந்தால் பணிக்கொடை ஆண்டுக்கு 7 நாள் கூலி.

புதிய சட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்டவர் வேறு தொழில் கற்றுக்கொள்வதற்காக 15 நாள் சம்பளத்தை முதலாளி ஒரு நிதியில் கட்ட வேண்டும். 45 நாட்களுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும்.

இவை தவிர, நின்ற நாள் வரை பாக்கி உள்ள கூலியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். பி.எப். பணமும் தொழிலாளியினுடையதே. வேலை போனால் அது போகாது.

ஆட்குறைப்பில் பொதுவாக கடைசியில் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும். ஓர் ஆண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால், நீக்கப்பட்டவருக்கு முதலிடம் தர வேண்டும். 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை என்றால், அரசாங்கத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும் பெண்ணை, பேறுகாலத்துக்காக வராமல் இருந்தார் என்று நீக்குவது குற்றம்.

ஜவுளிக்கடை, மளிகைக்கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு 1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் சட்டம் இருக்கிறது. 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். இதற்குக் கெடு குறைவு. 30 நாட்களுக்குள் செய்துவிட வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

வேலை போய்விட்டது என்றதும் அழுதுகொண்டு வீட்டில் இருப்பதால் பயன் இல்லை. நாள் போகப் போக வழக்கு பலவீனம் ஆகும். செய்ய வேண்டியவை இவை:

1. மறுநாளும் வேலைக்குப் போக வேண்டும். உள்ளே விடாவிட்டால், யார் தடுத்தார், எத்தனை மணிக்கு, உடன் யார் இருந்தார் என்று எழுதி வைக்க வேண்டும்.

2. முதலாளிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ‘இத்தனை ஆண்டாக வேலை பார்க்கிறேன். இன்ன தேதியில் வர வேண்டாம் என்று சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். வேலை கொடுங்கள்.’ இவ்வளவு போதும். அதை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

3. வெள்ளைத் தாளில் கையெழுத்தோ கைரேகையோ போடக் கூடாது. ‘கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிக் கூலி’ என்பார்கள். அந்த வெள்ளைத் தாள் நாளைக்கு ராஜினாமாக் கடிதம் ஆகிவிடலாம்! மிரட்டி வாங்கிவிட்டால், அதே நாளில் தொழிலாளர் துறைக்கு எழுதிவிட வேண்டும்.

4. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். இரு தரப்பையும் அழைத்து அவர் பேசுவார். பல தகராறுகள் இங்கேயே முடிந்துவிடும்.

5. சமரசம் ஏற்படாவிட்டால் அதிகாரி அறிக்கை கொடுப்பார். அது கிடைத்த 90 நாட்களுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்கு மனுச் செய்யலாம். விருதுநகர் மாவட்டத்து வழக்குகள் நெடுங்காலமாக மதுரை தொழிலாளர் கோர்ட்டுக்கே போய்வந்தன.

கெடு முக்கியம். நீக்கப்பட்ட நாளில் இருந்து 2 ஆண்டுகளுக்குள் சமரச அதிகாரியிடம் போய்விட வேண்டும். முன்பு தீர்ப்பாயத்துக்குப் போக 3 ஆண்டு இருந்தது. ‘3 ஆண்டு இருக்கிறதே’ என்று இப்போதும் நினைத்து உட்கார்ந்திருந்தால் உரிமை கை நழுவிவிடும்.

வக்கீலுக்குப் பணம்?

“கோர்ட்டுக்குப் போகக் காசு ஏது?”

காசு வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்ட உதவிச் சட்டப்படி, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவசமாக வக்கீல் உதவி உண்டு. பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. விருதுநகர் மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்தில் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வென்றால் என்ன கிடைக்கும்? நீக்கியது தவறு என்றால், வேலையும் விட்டுப்போன சம்பளமும் தருவதே பொதுவான முறை என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. அந்தக் காலத்தில் வேறு இடத்தில் அதே அளவு சம்பளம் வாங்கவில்லை என்று தொழிலாளி சொல்ல வேண்டும். தினக்கூலி வழக்குகளில் சில சமயம் வேலைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுக்கச் சொல்வதும் உண்டு. வழக்கு முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம் என்பதையும் மறக்கக் கூடாது. சமரச மேஜையில் நியாயமான தொகை வந்தால், அதை யோசித்துப் பார்ப்பதில் தவறு இல்லை.

காலண்டர் சாட்சி!

எந்த வழியில் போனாலும் எல்லோரும் கேட்கப்போகும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எத்தனை நாள் வேலை பார்த்தாய்?”

அதற்குப் பதிலை வேலை போன பிறகு தேடக் கூடாது. வேலை இருக்கும்போதே சேர்த்து வைக்க வேண்டும். கூலிச் சீட்டு, அடையாள அட்டை, பி.எப். எண், பாங்கிப் புத்தகம், ஈ.எஸ்.ஐ. அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். கூலி கையில் வந்தால் தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

நாடு முழுவதற்கும் காலண்டர் அச்சடித்துக் கொடுப்பது சிவகாசி. அந்தக் காலண்டர் ஒன்று காரியாபட்டியில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தொங்கும். வேலைக்குப் போன நாளில், அன்றைய தேதியில் பேனாவால் ஒரு கோடு போட்டால் போதும். ஆண்டு முடிந்ததும் அந்தக் காலண்டரைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. பையில் சேர்த்து வைக்க வேண்டும்.

தினம் ஒரு கோடு. 240 கோடு சேர்ந்துவிட்டால், “நாளை முதல் வராதே” என்ற மூன்று வார்த்தைகள் மட்டும் ஒருவரை வீட்டுக்கு அனுப்பப் போதாது.